பணிப்பெண்ணின் கையும் ஏர் பம்பும்

இரண்டடி மீன் தொட்டியை ‘செட்’டாக வாங்கினால் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்பது மீன் வளர்க்கிற எல்லாருக்கும் தெரியும். கண்ணாடித் தொட்டி, விளக்கு வைத்த மூடி, ஃபில்டர், ஏர் பம்ப், கொஞ்சம் டியூப், ஒரு பை கல், ஆண்டி-குளோரின் போத்தல். சில செட்டுகளில் ஹீட்டரும் சேர்ந்து வரும். புக்கிட் பெலிம்பிங்கில் ஒரு சாதாரண வீட்டின் முன்கூடத்தில் மதியம் இரண்டு மணிக்குத் தொட்டித் தண்ணீரில் தெர்மோமீட்டரை விட்டால் 29 அல்லது 30 டிகிரி காட்டும். இந்தத் தண்ணீரை இன்னும் சூடாக்க ஒரு கருவியை நமக்கு ஏன் விற்கிறார்கள் என்ற கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்கியது.

மீன் தொட்டிக்கு நம்பகமான சாமான் எது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பிராண்டு பெயர்தான் பதிலாக வரும். நான் பொறியியல் படித்தவன். ஒரு கருவி நம்பகமானதா என்று பார்ப்பதற்கு முன்னால் அது எந்தக் குறையைத் தீர்க்கச் செய்யப்பட்டது என்று பார்க்கச் சொல்லித்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தக் குறை நம் இடத்தில் இல்லையென்றால், கருவி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அது வெறும் பாரம். மீன் தொட்டிச் சாமான்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறந்த ஊர் உண்டு, அந்த ஊரில் ஒரு குறை இருந்தது. அதைத் தெரிந்துகொண்டால் கடையில் எதை எடுப்பது, எதை விடுவது என்பது ஓரளவு தெளிவாகும். கூடவே, எந்தக் கடையிலும் கிடைக்காத ஒன்று நமக்குப் பக்கத்திலேயே குறைந்துகொண்டிருப்பதும் தெரியவரும்.

*

1846-ல் அன்னா தைன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி டார்க்கீ கடற்கரையில் சில கல் பவளங்களைச் சேகரித்து லண்டனுக்குக் கொண்டுவந்தார். அவர் கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் உயர் பொறுப்பில் இருந்த பாதிரியார். கடல் இல்லாத ஊரில் கடல் உயிரை எப்படிக் காப்பாற்றுவது? முதலில் கடல்நீரை வரவழைத்து மாற்றிக்கொண்டிருந்தார். அது கட்டுப்படியாகவில்லை. பிறகு இருக்கிற தண்ணீருக்கே காற்று ஏற்றுவது என்று முடிவு செய்தார். திறந்த ஜன்னல் ஓரத்தில் தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். தினமும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம். ஊற்றியது வீட்டுப் பணிப்பெண். தைன் பின்னாளில் எழுதிய குறிப்பில் அவர் பணிப்பெண் மட்டும்தான், பெயர் இல்லை.

இன்று நாம் பத்து, இருபது வெள்ளிக்கு வாங்குகிற ஏர் பம்ப் செய்வது இந்தப் பெண்ணின் வேலையைத்தான். குமிழி மேலே வரும்போது அதிலிருந்து தண்ணீருக்குள் போகிற ஆக்சிஜன் குறைவு. குமிழிகள் அடித்தண்ணீரை மேலே இழுத்து, மேல்பரப்பைக் கலக்கிவிடுகின்றன. மேல்பரப்பில்தான் தண்ணீர் மூச்சு வாங்குகிறது. ஆகவே பம்ப் வாங்கும்போது குமிழி எவ்வளவு அழகாக வருகிறது என்று பார்ப்பதைவிட, மேல்பரப்பு அசைகிறதா, இருபத்து நான்கு மணி நேரம் ஓடினாலும் அதிராமல், கொதிக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பணிப்பெண் முக்கால் மணி நேரத்தில் ஓய்வெடுக்கலாம், பம்புக்கு ஓய்வே கிடையாது.

*

தைனுக்கு முன்னரே லண்டனில் இன்னொரு கண்ணாடிக் கதை தொடங்கிவிட்டது. 1829 வாக்கில் நத்தானியல் வார்ட் என்ற மருத்துவர், மூடிய போத்தலுக்குள் மண்ணில் ஒரு பெரணிச் செடி தானாக முளைத்து வாழ்வதைக் கவனித்தார். லண்டனின் நிலக்கரிப் புகையில் அவர் தோட்டத்துப் பெரணிகள் செத்துக்கொண்டிருந்தன, போத்தலுக்குள் இருந்தது மட்டும் பிழைத்தது. அதை வைத்து மூடிய கண்ணாடிப் பெட்டிகளைச் செய்தார். 1842-ல் அது பற்றிப் புத்தகமும் எழுதினார். வார்டியன் பெட்டி என்று அதற்குப் பெயர் வந்தது.

1845-ல் பிரிட்டன் கண்ணாடி மீதான வரியை எடுத்தது. கண்ணாடி மலிந்தது. 1850-ல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் லண்டன் வேதியியல் கழகத்தில் ஒரு சோதனையை விவரித்தார். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீன், வாலிஸ்னேரியா என்ற நீர்ப்புல். புல் ஆக்சிஜன் கொடுத்தது. ஆனால் அழுகிய இலைகளால் தண்ணீர் கலங்கியது. குளத்து நத்தைகளைப் போட்டார், அவை அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. மீன், செடி, நத்தை மூன்றும் ஒன்றை ஒன்று தாங்கும் என்ற எண்ணம் இப்படி வந்தது. பணிப்பெண்ணின் கைக்குப் பதில் செடி.

இதே கண்ணாடிப் பெட்டிக்கு நம் வரலாற்றில் வேறொரு வேலை இருந்தது. ஹென்றி விக்கம் 1876-ல் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்த நாற்றுகள் இலங்கைக்கு வந்தது வார்டியன் பெட்டிகளில். 1877-ல் 22 நாற்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றில் சில பேராக்கில் கோலகங்சாரில் நடப்பட்டன. அதற்குப் பிறகு நடந்ததைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கப்பல் கப்பலாகத் தமிழர்கள் வந்தார்கள், லயத்தில் குடியேறினார்கள், பால்மரம் சீவினார்கள். லண்டன் வரவேற்பறையில் மீன் தொட்டி வருவதற்கு வழிவிட்ட அதே பெட்டிதான், கோலசிலாங்கூர் தோட்டங்களுக்கு நம் முன்னோர் வருவதற்கான காரணத்தையும் சுமந்து வந்தது. மீன் தொட்டியைப் பணக்கார நாட்டுப் பொழுதுபோக்கு, நமக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

*

1853-ல் லண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்களுக்கான ‘மீன் வீடு’ திறந்தது. அதை நிரப்ப உதவிய பிலிப் ஹென்றி காஸ் 1854-ல் வெளியிட்ட புத்தகம் ‘அக்வேரியம்’ என்ற சொல்லை வீடுதோறும் கொண்டுபோனது. இங்கிலாந்தில் மீன் தொட்டிப் பைத்தியம் பிடித்தது. ரயிலில் கடற்கரைக்குப் போய் பாறைக் குழிகளில் இருந்ததையெல்லாம் அள்ளி வந்தார்கள். காஸின் மகன் எட்மண்ட் 1907-ல் எழுதிய தன்வரலாற்றில், அப்பாவின் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்த கூட்டம் அந்தக் கடற்கரைகளை எப்படிச் சூறையாடியது என்று வருந்தி எழுதியிருக்கிறார். கடலை நேசிக்கக் கற்றுக்கொடுத்த புத்தகமே கடற்கரையைக் காலி செய்தது. இந்த இடத்துக்கு மீண்டும் வர வேண்டியிருக்கும்.

இப்போது தொட்டிக்கு வருவோம். அந்தக் காலத்துத் தொட்டிகள் இரும்புச் சட்டம் போட்டு, அடியில் கற்பலகை வைத்து, புட்டி பூசி மூட்டை அடைத்தவை. கசியும், துருப்பிடிக்கும். 1960-களில் சிலிக்கான் பசை பரவிய பிறகுதான் சட்டமே இல்லாமல் கண்ணாடியைக் கண்ணாடியோடு ஒட்டுவது சாத்தியமானது. நம்பகம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த மூட்டைத்தான்.

கணக்கு எளிது. 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரமுள்ள தொட்டி விளிம்புவரை நிறைந்தால் ஏறக்குறைய 65 லிட்டர், அதாவது தண்ணீர் மட்டும் 65 கிலோ. முன்கண்ணாடியைத் தண்ணீர் வெளியே தள்ளுகிற விசை சுமார் 39 கிலோ எடைக்குச் சமம். அதே நீளம், அதே அகலத்தில் உயரத்தை மட்டும் 45 செ.மீ. ஆக்கினால் அந்த விசை 60 கிலோவைத் தாண்டிவிடும். உயரம் கால் பங்கு கூடுகிறது, விசை பாதிக்கு மேல் கூடுகிறது. உயரமான தொட்டி பார்க்க அழகுதான். ஆனால் அதற்குத் தடித்த கண்ணாடி வேண்டும், மீனுக்கு மூச்சு விடும் மேல்பரப்பும் அதில் கூடுவதில்லை. நீளமான, தாழ்ந்த தொட்டி இரண்டு வகையிலும் நல்லது.

மூட்டில் விரலை ஓட்டிப் பாருங்கள். சிலிக்கானுக்குள் காற்றுக் குமிழி வரிசையாகத் தெரிந்தால் வேண்டாம். நீங்களே ஒட்டுவதாக இருந்தால் காடி வாசனை அடிக்கிற, பூஞ்சணக் கொல்லி சேர்க்காத சிலிக்கான் வேண்டும். குளியலறைக்கு விற்கிற பசையில் பெரும்பாலும் பூஞ்சணக் கொல்லி இருக்கும், அது மீனையும் கொல்லும். தொட்டியை வைக்கும் மேசை மட்டமாக இருக்க வேண்டும். அடியில் ஒரு மெல்லிய ஃபோம் தாள். வீட்டுக்குள் வைப்பதற்கு முன் வெளியே தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் பாருங்கள். இவ்வளவுதான். இதில் பிராண்டு எங்குமே வரவில்லை.

*

ஹீட்டர் கதைக்கு 1869-ஐப் பார்க்க வேண்டும். அந்த வருடம் சீனாவிலிருந்து பாரடைஸ் மீன் பாரிஸுக்கு வந்தது. பியர் கார்பொனியே அதைத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்தார். வெப்பநாட்டு மீன் ஆசை ஐரோப்பாவில் அதற்குப் பிறகு வளர்ந்தது. குளிர்காலத்தில் அந்த மீன்களைக் காப்பாற்றத் தொட்டிக்கு அடியில் கற்பலகையை எரிவாயுச் சுடரால் சூடாக்கினார்கள். பிறகு மின்சார ஹீட்டர் வந்தது. ஹீட்டர் தீர்த்த குறை ஐரோப்பாவின் குளிர். நம் ஊரில் அந்தக் குறை கிடையாது. குளிரூட்டி இரவெல்லாம் ஓடுகிற அறை, நோய்பட்ட மீனுக்கான சிகிச்சைத் தொட்டி, இந்த இரண்டைத் தவிர ஹீட்டருக்கு இங்கே வேலை குறைவு.

நம் குறை வேறு. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 10 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 11 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் ஏழரைதான். அதே நேரத்தில் சூட்டில் மீனுக்குப் பசியும் கூடும், மூச்சும் கூடும். லண்டன்காரனுக்குக் குளிர் எதிரி, நமக்கு மூச்சுமுட்டல் எதிரி. ஹீட்டருக்கு வைத்திருக்கும் காசில் பேட்டரியில் ஓடும் ஒரு சிறு ஏர் பம்ப் வாங்கி வைத்தால் இடிமழை இரவில் கரண்ட் போகும்போது தொட்டி பிழைக்கும். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது டியூபில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வைப் போடுங்கள். வயரைத் தொட்டியிலிருந்து நேராக பிளக்குக்கு இழுக்காமல், நடுவில் கீழே தொங்குகிற மாதிரி விட்டால் வழிந்து வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். மூன்று முள் பிளக்கில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீரும் 230 வோல்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இடம் இது.

*

கருவிகள் அங்கிருந்து இங்கே வந்தன, மீன்கள் இங்கிருந்து அங்கே போயின. ஹாம்பர்க் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் டுங்கர் மலாய் தீபகற்பத்து மீன்களைப் பற்றி 1904-ல் எழுதியபோது, உடலில் கறுப்பு முக்கோணம் போட்ட ஒரு சிறு மீனுக்கு அறிவியல் பெயர் வைத்தார். ஹார்லிகுவின் ரஸ்போரா என்று இன்று உலகம் முழுக்க விற்கிற மீன் அதுதான். நம் கால்வாய்களிலும் வயல்களிலும் வாழ்கிற, தாய்லாந்துச் சண்டை மீனின் உறவுக்காரனான பெட்டா இம்பெல்லிஸ் என்ற மீனுக்கு 1975-ல் லாடிகெஸ் பெயர் வைத்தார். அதற்கு ஆதாரமான மீன்கள் கோலாலம்பூரில் கிடைத்தவை. ‘சண்டை போடாதது’ என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள். தோட்டத்துப் பையன்களைக் கேட்டிருந்தால் வேறு பெயர் சொல்லியிருப்பார்கள்.

அவர்களின் மீன் வளர்ப்பு எங்கும் எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை. தோட்டத்தில் வளர்ந்த பெரியப்பாக்களைக் கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். ஹார்லிக்ஸ் போத்தல். கால்வாயில் கையால் பிடித்த சண்டை மீன். இரண்டு போத்தலுக்கு நடுவில் ஒரு அட்டை, ஒன்றை ஒன்று பார்த்துச் சீறிக் களைக்காமல் இருக்க. கெதாப்பாங் மரத்துச் சருகு ஒன்று தண்ணீருக்குள். பல தோட்டங்களில் ஜெனரேட்டர் மின்சாரம் இரவில் சில மணி நேரம்தான். பம்பும் இல்லை, ஃபில்டரும் இல்லை.

“ஏர் பம்ப் இல்லாம எப்படி பெரியப்பா உயிரோட வச்சிருந்தீங்க?”

“என்னடா கேள்வி இது. அதுவே மேல வந்து மூச்சு வாங்கிக்குமே. நம்ம வேலை தண்ணிய மாத்துறதுதான். பைப்புத் தண்ணி ஊத்துனா செத்துப்போவும். மழைத் தண்ணி புடிச்சு வைக்கணும்.”

இந்த இரண்டு வரியில் ஒரு முழு செட்டும் இருக்கிறது. சண்டை மீனுக்குச் செவுளோடு சேர்த்து, காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் லேபிரிந்த் என்ற உறுப்பு உண்டு. சூடான, ஆக்சிஜன் குறைந்த தண்ணீருக்கு அந்த மீன் கண்டுபிடித்த ஏர் பம்ப் அது. மழைத்தண்ணீரில் குளோரின் கிடையாது, உப்புகளும் குறைவு. கெதாப்பாங் சருகிலிருந்து இறங்கும் தானின் தண்ணீரைத் தேநீர் நிறமாக்கி, கொஞ்சம் அமிலமாக்கும். இன்று கடையில் அதே சருகைக் கழுவி, காயவைத்து, பத்து இலையாகக் கட்டி விற்கிறார்கள். சிறு போத்தல் மீனுக்கு நல்ல வீடு என்று நான் சொல்லவில்லை. மீன் கழிவு அதில் சீக்கிரம் விஷமாகும். பத்து, பதினைந்து லிட்டரும் குதித்துப் போகாமல் ஒரு மூடியும் வேண்டும். ஆனால் இடத்தின் குறை என்ன, மீனின் திறன் என்ன என்று பார்த்து அதற்கேற்ப சாமான் தேர்ந்தவர்கள் அவர்கள். ரப்பர் போய் செம்பனை வந்து, லயங்கள் இடிந்து, ஜனங்கள் தாமான்களுக்குப் போனபோது இந்த அறிவும் சிதறிவிட்டது.

*

ஃபில்டரை நாம் குப்பை வடிகட்டும் கருவி என்று நினைக்கிறோம். அதன் முக்கிய வேலை கண்ணுக்குத் தெரியாதது. மீன் செவுள் வழியாக அமோனியாவை வெளிவிடுகிறது. அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மண்ணில் இதைச் செய்யும் பாக்டீரியாக்களை 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி பிரித்துக் காட்டினார். வாரிங்டனின் தொட்டியில் செடியும் நத்தையும் செய்தது பாதி வேலை, மீதியை இந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டம் செய்திருக்க வேண்டும். ஃபில்டர் என்பது அவை குடியிருக்கும் லயம்.

ஆகவே புதுத் தொட்டியில் நான்கு முதல் ஆறு வாரம் பொறுமை வேண்டும். அதைச் சுருக்குகிறோம் என்று பாக்டீரியா போத்தல்கள் வருகின்றன. இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள், போத்தலிலும் அதையே அடைத்தார்கள். 1998-ல் ஹோவனெக் குழுவினர் நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று காட்டினார்கள். அதற்குள் எத்தனை போத்தல் விற்றிருக்கும்! நன்றாக ஓடுகிற நண்பர் தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்சை வாங்கிவந்து உங்கள் ஃபில்டரில் வைப்பது அதைவிட நம்பகமானது, காசும் இல்லை. ஸ்பாஞ்ச் ஃபில்டர் விலை குறைவு, கெட்டுப்போக அதில் அதிகம் ஒன்றும் கிடையாது. குழாயடியில் வைத்து அலசாதீர்கள், குளோரின் அந்த லயத்தையே காலி பண்ணிவிடும். தொட்டித் தண்ணீரை வாளியில் எடுத்து அதில் பிழியுங்கள்.

கடைகளில் சுத்தம் செய்யும் சாமானாக ஒரு மீனும் விற்கிறார்கள். தொட்டிக் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் கெளுத்தி. மலாயில் அதற்கு ‘இக்கான் பண்டாராயா’ என்று பெயர், மாநகராட்சி மீன் என்று அர்த்தம், தெரு கூட்டுவதைப் போலச் சுத்தம் செய்வதால். தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. விரல் நீளத்தில் வாங்கியது முழங்கை நீளத்துக்கு வளரும். அப்புறம் தொட்டி போதாது, யாரோ ஆற்றில் விடுவார்கள். சிலாங்கூர் ஆறுகளில் இன்று அது பெருகிக் கிடக்கிறது. உயிரைச் சாமானாக வாங்குவதில் உள்ள ஆபத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

*

மீன் தொட்டியின் முதல் சாமான் தண்ணீர். 2020 செப்டம்பர் தொடக்கத்தில் சுங்கை சிலாங்கூரில் மாசு கலந்து நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றன. ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்குக் குழாய் வற்றியது. அந்த ஆறு நம் ஊர்களைத் தொட்டுக்கொண்டுதான் கடலுக்குப் போகிறது. கம்போங் குவாந்தான் மின்மினிகள் வாழ்வதும் அதன் கரையில்தான். சிலாங்கூரில் மீன் வளர்ப்பவர் வாங்க வேண்டிய மிக நம்பகமான கருவி என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், மூடி போட்ட ஒரு பெரிய பிளாஸ்டிக் தோம்பு என்றுதான் சொல்வேன். அதில் தண்ணீரைப் பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் விட்டால் சாதாரண குளோரின் போய்விடும். அமோனியாவோடு சேர்த்த குளோரமின் என்றால் அப்படிப் போகாது, மருந்து வேண்டும். அந்த மருந்தும் பெரிய ரகசியமில்லை, பெரும்பாலும் சோடியம் தையோசல்ஃபேட். அழகான போத்தலில் இருக்கும் நீலத் தண்ணீரும், பொட்டலத்தில் விற்கும் வெள்ளைப் படிகமும் குளோரினைப் பொறுத்தவரை ஒரே வேலைதான் செய்கின்றன. லேபிளில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருந்தால் வாங்குங்கள்.

ஆனால் எந்தத் தோம்பிலும் பிடித்து வைக்க முடியாத ஒரு தண்ணீர் நம்மிடம் இருக்கிறது. கோலசிலாங்கூரிலிருந்து வடக்கே போனால் தஞ்சோங் காராங் வயல்கள். வயல்களுக்குக் கிழக்கே ராஜா மூசா, சுங்கை காராங் என்ற இரண்டு வனக்காப்பகங்கள். இரண்டும் சேர்ந்து 70,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்த வட சிலாங்கூர் கரிச்சதுப்புக் காடு. பல்லாயிரம் வருடம் அழுகாமல் படிந்த இலைகளின் வழியாக வரும் தண்ணீர் கட்டந்தேநீர் நிறத்தில் இருக்கும். அமிலத்தன்மை pH 4-ஐ ஒட்டி. வயலுக்கு நீர் தேக்கிக் கொடுப்பதும் இந்தக் காடுதான்.

இந்தக் கறுப்புத் தண்ணீரில் வேறெங்கும் கிடைக்காத மீன்கள் வாழ்கின்றன. அதிமதுர கௌராமி வகையான பரோஸ்ஃப்ரோமெனஸ் ஹார்வேயி சிலாங்கூரிலிருந்து 1987-ல் அறிவியலுக்கு வந்தது. ஒயின் நிறச் சிறு சண்டை மீனான பெட்டா லிவிடாவை இங் என்பவரும் கொட்டெலாட்டும் 1992-ல் விவரித்தார்கள். அவர்களே 1994-ல் இதே காட்டிலிருந்து பெட்டா ஹிப்போசிடெரோஸ் என்ற இன்னொன்றையும் விவரித்தார்கள். முதல் இரண்டும் கட்டைவிரல் நீளம்கூட வராது. மேலே சொன்ன செட்டில் அவற்றை விட்டால் சாமான்கள் அநேகமாக உதவாது. pH 4 தண்ணீரில் ஃபில்டர் பாக்டீரியாக்கள் சரியாக வேலை செய்யாது, குழாய்த் தண்ணீரின் உப்பு இந்த மீன்களுக்கு ஒத்துக்கொள்ளாது. அவற்றை வளர்ப்பவர்கள் மழைத்தண்ணீர், சருகு, சிறுகச் சிறுகத் தண்ணீர் மாற்றுவது என்ற பெரியப்பாவின் முறைக்குத்தான் திரும்புகிறார்கள். கடைகளில் ‘கறுப்புத் தண்ணீர்ச் சாறு’ என்று போத்தல் விற்கிறது, தூர நாட்டிலிருந்து வருவது. அதன் நிறம் நம் காட்டின் நிறம்.

காட்டின் நிலை அவ்வளவு நன்றாக இல்லை. மரம் வெட்டியவர்கள் கட்டைகளை மிதக்கவிட்டு இழுக்கக் கால்வாய் வெட்டினார்கள். ஓரங்களில் விவசாயத்துக்கும் செம்பனைக்கும் வடிகால் வெட்டினார்கள். கரிச்சதுப்பிலிருந்து தண்ணீர் வடிந்தால் நிலம் அமிழும், காய்ந்த கரி தீப்பிடிக்கும், வெயில் காலத்தில் நாள்கணக்கில் மண்ணுக்கடியில் புகையும். 2008 முதல் சிலாங்கூர் வனத்துறையும் தன்னார்வலர்களும் ராஜா மூசாவில் கால்வாய்களை அடைத்து மரம் நடுகிறார்கள். கால்வாயை அடைப்பது தண்ணீரைத் தேக்கி வைக்கிற வேலை. தோம்பு வைக்கிற அதே யோசனை, பெரிய அளவில்.

இங்கேதான் எட்மண்ட் காஸின் வருத்தம் எனக்கு ஞாபகம் வருகிறது. இந்த மீன்களைப் பற்றி எழுதினால் யாராவது வலையோடு கிளம்பிவிடுவார்களா என்று யோசித்தேன். வனக்காப்பகத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். அதையும் மீறி ஒரு ஓடையில் கூட்டமாகப் போய் அள்ளினால், சில சதுர மீட்டரில் வாழும் ஒரு இனக்கூட்டம் ஒரே மதியத்தில் காலியாகும். ஆகவே கடைசியாக ஒரு அளவுகோல்: மீன் எங்கிருந்து வந்தது என்று தவுக்கேயிடம் கேளுங்கள். பண்ணையிலோ வீட்டுத் தொட்டியிலோ பொரித்ததா, காட்டில் பிடித்ததா? பதில் தெரியாத கடையில் பம்ப் வாங்குங்கள், ஸ்பாஞ்ச் வாங்குங்கள், காட்டு மீனை வாங்காதீர்கள்.

மற்றபடி பட்டியல் சின்னதுதான். நீளமான, தாழ்ந்த தொட்டி. குமிழியில்லாத மூட்டு. ஒரு ஏர் பம்ப், கரண்ட் போனால் இன்னொன்று. ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஆறு வாரம் பொறுமை. மூடி போட்ட தோம்பு. லேபிளில் உள்ளடக்கம் எழுதிய ஆண்டி-குளோரின். ஹீட்டர் வேண்டாம், மாநகராட்சி மீன் வேண்டாம். இதற்கெல்லாம் மேலாக, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தோட்டத்தில் மீன் வளர்த்திருந்தால் எந்த மாதத்தில் எந்தக் கால்வாயில் எந்த மீன் கிடைத்தது, எந்த இலை போட்டார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். 1846-ல் லண்டன் ஜன்னலோரத்தில் தண்ணீர் ஊற்றிய பெண்ணின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. நம் பெரியப்பாக்களுக்கு இன்னும் பெயர் இருக்கிறது.